எந்த ரயில்?

கே: கோல்ஃப் பணக்காரர் விளையாட்டுதானே?
ப: ஆமாம். அடுத்த கேள்வி.

கே: கோல்ஃப் வீராங்கனை ஜாய்ஸ் வெதரெட்டின் ரயில் கதையை இன்னொரு முறை சொல்லுங்களேன்.
ப: யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்தேன்! 1920. ஷெரிங்காமில் இங்கிலாந்து மகளிர் பட்டத்துக்கு இறுதி ஆட்டம். ஒரு பக்கம் சிசில் லீச், அசைக்க முடியாதவர் என்று பேர் வாங்கியவர். மறுபக்கம் 18 வயது ஜாய்ஸ். 17-ஆவது குழி. பந்தைத் தள்ளிவிட்டால் பட்டம். குனிந்து மட்டையைப் பிடிக்கிறார், மைதானத்தை ஒட்டிய தண்டவாளத்தில் தடதடவென்று ரயில். பந்து குழிக்குள்! ரயில் போகும்வரை பொறுத்திருக்கலாமே என்று பிறகு கேட்டார்களாம். "எந்த ரயில்?" என்றாராம். அர்ச்சுனனுக்குப் பறவையின் கண் மட்டும் தெரிந்தது வாஸ்தவம்தான். ஆனால் துரோணர் அவன் காதருகே ரயில் விட்டுச் சோதிக்கவில்லையே!

கே: சிசில் லீச் ஆணா, பெண்ணா?
ப: பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தை 4 முறை வென்றவர். நீங்களே சொல்லுங்கள்.

கே: லீச் பழி தீர்த்துக்கொண்டாரா?
ப: 1921-ல் டர்ன்பெரியில் தீர்த்தார். 1925-ல் ட்ரூனில் 36 குழி ஆடியும் சமம். 37-ஆவதில் ஜாய்ஸ் ஜெயித்தார். இப்படி ஒரு எதிராளி அமைய வேண்டும்!

கே: ஜாய்ஸின் அண்ணனும் ஆடுவாராமே?
ப: ரோஜர் வெதரெட். 1921 பிரிட்டிஷ் ஓப்பன், செயின்ட் ஆண்ட்ரூஸ். பந்து போகவேண்டிய வழியைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தவர் தன் பந்தையே மிதித்துவிட்டார். ஓர் அடி தண்டம். நாலு சுற்று முடிவில் ஜாக் ஹட்சிசனுடன் சமநிலை, மறு ஆட்டத்தில் தோல்வி. தங்கைக்கு ரயில் தெரியவில்லை, அண்ணனுக்குப் பந்து தெரியவில்லை!

கே: உச்சியில் இருக்கும்போதே ஜாய்ஸ் ஒதுங்கியது பயத்தாலா?
ப: இல்லை. 1925-க்குப் பிறகு அவர் விட்டது போட்டிகளை, ஆட்டத்தை அல்ல. 1929-ல் பிரிட்டிஷ் மகளிர் பட்டப்போட்டி செயின்ட் ஆண்ட்ரூஸில் என்றதும், அந்த மண்ணில் ஆடும் ஆசையில் திரும்பி வந்தார். இறுதியில் அமெரிக்காவின் க்ளென்னா காலெட். முதல் 11 குழிக்குள் 5 குழி பின்தங்கியாயிற்று. பயந்தவராக இருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். ஒவ்வொன்றாக மீட்டு, 35-ஆவது குழியில் ஆட்டத்தை முடித்தார். ஆணோ பெண்ணோ, தன்னை இந்த அளவுக்குத் திணறடித்தவர் இல்லை என்று ஜாய்ஸைப் பற்றிச் சொன்னவர் கோல்ஃப் மேதை பாபி ஜோன்ஸ். ஆசைக்கு ஆடுகிறவருக்கு, போதும் என்று சொல்லவும் உரிமை உண்டு.

கே: கல்யாணமானவரா?
ப: 1937-ல்.

கே: ஆசைக்கு ஆடினார் என்கிறீர்கள். பிறகு காசுக்கு ஆடினாரே?
ப: ஆடவைத்தது யார்? 1933-ல் லண்டன் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடையின் கோல்ஃப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். உடனே அமெச்சூர் தகுதி போயிற்று. ஒரு பரிசுப் பணம் தொட்டதில்லை, கடையில் வேலை பார்த்ததுதான் குற்றம்! வீட்டில் சொத்து இருப்பவன் மட்டுமே அமெச்சூர் என்று சொன்ன அந்தக் கால விதி எனக்கு என்றைக்கும் ஆகாது. 1935-ல் அமெரிக்கா முழுக்கச் சுற்றி, ஆடிச் சம்பாதித்தார். ரொம்பச் சரி!