வால் போன ரோடுகள்

தி.நகரில் கத்தரிக்காய் வாங்கப் போகிறவர் நீதிக்கட்சியின் பொதுக்குழுவுக்குள் புகுந்துதான் வரவேண்டும். 1920களில் மாம்பலத்தில் இந்தப் பேட்டையை எழுப்பியபோது ஆட்சி அவர்களுடையது. அதனால் கட்சிப் பெருந்தலைகள் ஆளுக்கொரு ரோடாகவும் பூங்காவாகவும் குடியேறிவிட்டார்கள்.

குடியேறியவர்களை நாம் முழுசாக விட்டோமா? சர் பிட்டி தியாகராயர் பெயரில் பேட்டையே இருக்கிறது; நம் வாயில் 'தி'யோடு சரி. பனகல் அரசரின் இயற்பெயர் ராமராயநிங்கார். பூங்காவுக்கு அதை வைக்காமல் 'பனகல்' என்று வைத்த புண்ணியவானுக்கு ஆட்டோக்காரர்கள் சிலையே வைக்கலாம்.

பலத்த அடி டாக்டர் டி.எம். நாயருக்குத்தான். காது, மூக்கு, தொண்டை வைத்தியர். 1916இல் தியாகராயரோடு சேர்ந்து கட்சியைத் தொடங்கியவர். 1919இல் லண்டனில் காலமானார். எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப்பெயர்களின் சாதி வாலை நறுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நல்ல உத்தரவுதான். ஆனால் பெயின்ட் டப்பாவோடு வந்தவரிடம் எது வால், எது ஆள் என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை போலிருக்கிறது. 'டாக்டர் நாயர் ரோடு', 'டாக்டர் ரோடு' ஆகிவிட்டது. பட்டம் பத்திரமாக இருந்தது, ஆளைத்தான் காணோம். அப்புறம் எப்படியோ நாயர் திரும்பி வந்துவிட்டார்.

பக்கத்து ஜி.என். செட்டி ரோடு ஒரு பலகையில் செட்டியோடும் இன்னொன்றில் செட்டி இல்லாமலும் நிற்கிறது. கூரியர் தம்பிக்கு இரண்டுமே வேண்டாம். "அண்ணே, பக்கத்துல என்ன கடை இருக்கு?" என்று போன் போடுகிறார்.

பாண்டி பஜார் கதை இன்னும் வேடிக்கை. மதுரையிலிருந்து வந்த என் சித்தப்பா கண் மின்ன, "பாண்டிச்சேரி சரக்கெல்லாம் இங்கேயே கிடைக்குதாடா?" என்றார். இல்லை சித்தப்பா, இது டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயரில் உள்ள அங்காடி என்றேன். முகம் வாடிவிட்டது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடாதீர்கள் என்று தீர்மானம் போட்ட 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவர். நம் ஜனங்கள் ஒரு படி மேலே போய், முன்னால் இருந்த சௌந்தரத்தையும் பின்னால் இருந்த மரியாதையையும் சேர்த்தே கழற்றிவிட்டார்கள்.

சர் முகமது உஸ்மானுக்கு நறுக்க வாலே கிடையாது. 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக கவர்னராக இருந்தவர் வேறு. அதற்காக விட்டுவிடுவோமா? நடுவில் வெட்டி வடக்கு உஸ்மான், தெற்கு உஸ்மான் என்று இரண்டாக்கிவிட்டோம்.