நாளை முதல் எழுதுகிறவர்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணி, பீடோங், லூனாஸ், கூலிம் என்று எந்தத் திக்கில் பயணப்பட்டாலும், ரப்பர்த் தோட்டங்கள் கைமாறிச் செம்பனையாகவும் தாமான் குடியிருப்பாகவும் உருமாறிய பின் எழுந்த மலிவுவிலை வீட்டு வரிசைகளில், வரிசைக்கு ஒருவர் வீதம், அண்டைவீட்டாரால் ‘எழுத்தாளர்’ என்று மரியாதையுடனும் சொந்த வீட்டாரால் அதே சொல்லால் மரியாதையின்றியும் அழைக்கப்படுகிற ஒரு கனவானைத் தவறாமல் சந்திக்கலாம். இருபது வருஷங்களுக்கு முன் அவருடைய சிறுகதை ஒன்று ஞாயிறு பதிப்பில் பிரசுரமாயிற்று. அந்தப் பக்கம் பிளாஸ்டிக் உறைக்குள் பூஜை அறையில் பத்திரமாக இருக்கிறது. அதன் பிறகு அவர் எழுதவில்லை என்று சொல்வது அபாண்டம். நாளை முதல் எழுதுகிறார்.

எனக்குப் பரிச்சயமான எழுத்தாளர் கைவசம் வைத்திருப்பது சரித்திர நாவல். 1025-ஆம் ஆண்டில் ராஜேந்திர சோழனின் கடற்படை வந்து வென்ற கடாரம் நம் கெடாவே என்பதும், பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில்களின் அடித்தளங்கள் அகப்பட்டிருப்பதும் அவருக்குத் தெரியவந்த அன்றே ஐந்து பாகம் என்று நிச்சயமாகிவிட்டது. முதல் அத்தியாயத்தில் படை நாகப்பட்டினத்தில் கப்பலேறுகிறது. பதினோரு வருஷமாக ஏறிக்கொண்டே இருக்கிறது. 2025-இல் படையெடுப்புக்கு ஆயிரமாண்டு நிறைந்தபோதாவது பாய் விரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யானைகளை ஏற்றுவதில் ஏதோ சிக்கலாம்.

தினசரி எழுதும் பழக்கத்தைப் பற்றி அவருக்குள்ள ஞானம் அபாரமானது. இங்கிலாந்தின் அந்தோனி டிரோலப் தபால் இலாகா உத்தியோகத்தை விடாமலே, காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால்மணிக்கு இருநூற்றைம்பது சொல் என்ற கணக்கில் நாவல் நாவலாக எழுதித் தள்ளினார் என்பதையும், தம்மை எழுப்பிவிடுவதற்கென்றே வேலைக்காரனுக்கு வருஷத்திற்கு ஐந்து பவுன் அதிகமாகக் கொடுத்தார் என்பதையும் அவர் சொல்லக் கேட்டுத்தான் நான் அறிந்தேன். அந்த ஐந்து பவுன் விஷயத்தை வீட்டிலும் பிரஸ்தாபித்துப் பார்த்தார்.

“அம்பது வெள்ளி குடுத்தாலும் உங்கள எழுப்ப என்னால ஆவாதுங்க. எங்கம்மா நாலு மணிக்கே எந்திரிச்சி ஒக்காந்திருக்கு, அதுகிட்டக் கேளுங்க” என்று சகதர்மிணி கைகழுவிவிட்டாள்.

மாமியாரம்மாள் நாலு மணிக்கு எழுவது விரதமல்ல, வியாதியுமல்ல. முப்பது வருஷம் பெரட்டுக்கு, அதாவது விடியுமுன் ஆள் கணக்கெடுப்புக்கு, போய்ப் பால்மரம் வெட்டியவர். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே இருட்டிலேயே தலைவிளக்கோடு காட்டுக்குள் நுழைந்து, மரத்துக்கு மரம் பழைய கோட்டின் கீழ் பட்டையை நூல் கனத்துக்குச் சீவிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட வேண்டும். ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும்; கணக்கெழுதும் கிராணியும் ஏசுவார். தோட்டம் போய்விட்டது, சங்கு ஊதுவாரில்லை, அம்மாளுக்கு மட்டும் நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. “மாப்ள, அஞ்சாச்சி” என்று அவர் கதவைத் தட்ட, நம்மவர் எழுந்து, முகம் கழுவி, கொசுவத்தி கொளுத்தி, தேநீருக்குக் காத்திருந்து, ஜெராய் மலையின் மேல் பனி படர்ந்திருக்கும் அழகைச் சன்னல் வழியே பார்த்து, இந்த வர்ணனை முதல் அத்தியாயத்திற்கு உதவுமா என்று யோசித்து, நாகப்பட்டினத்தில் மலை இல்லை என்பதை வருத்தத்துடன் நினைவுகூர்ந்து, பேனாவைத் திறக்கும் தருணத்தில் சின்னவளின் காலுறையில் ஒன்று காணாமற்போகிறது. தேடி எடுப்பதற்குள் பள்ளிக்கூட வேன் ஹாரன். வேன் போனதும் கேஸ் முடிந்துவிட்டதென்று சமையற்கட்டிலிருந்து அறிவிப்பு. அப்புறம் வேலைக்கு நேரமாகிவிடுகிறது.

விடுமுறை நாளில் எழுதலாமே என்றேன். கெடாவில் வாரவிடுமுறை வெள்ளியும் சனியும்; இலக்கியப் பக்கம் வருவதோ ஞாயிற்றுக்கிழமை. படித்து உத்வேகம் பிறக்கும் நாளில் வேலை, வேலையில்லாத நாளில் உத்வேகம் இல்லை என்று அவர் விளக்கியபோது, மாநில அரசாங்கத்தின் மேலேயே எனக்குச் சற்றுக் கோபம் வந்தது. 1950-இல் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தி எழுதக் கற்றுக்கொடுத்தார்களே, அதுபோல் இப்போது யார் இருக்கிறார்கள் என்பது அவருடைய மற்றொரு மனத்தாங்கல். அந்த நேசனுக்குத்தான் ஒரு கதை அனுப்பவிருந்தார். 1924-இல் தொடங்கிய பத்திரிகை, தொண்ணூறு வருஷத்துக்கு மேல் காத்துப் பார்த்துவிட்டு, 2019-இல் நின்றுபோயிற்று.

இதே மண்ணிலிருந்து சீ. முத்துசாமி எழுதி 2017-இல் விஷ்ணுபுரம் விருது வாங்கவில்லையா, கோ. புண்ணியவான் நாவல் எழுதவில்லையா என்று ஒருநாள் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். “அவங்க காலத்துல இவ்ளோ சத்தம் ஏது அண்ணே?” என்றார். பலகைச் சுவர் வைத்த லயத்து வீடுகளில் ஒரு வீட்டுக்காரர் இருமினால் அடுத்த வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும் என்பதை அங்கேயே பிறந்து வளர்ந்தவரிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

சென்ற மாதம் நான் போயிருந்தபோது, 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் வியாபாரத்துக்கும் துபாஷி உத்தியோகத்துக்கும் இடையே தினப்படி குறிப்பு எழுதிய ஆனந்தரங்கம் பிள்ளையைப் பற்றி அவர் பிரசங்கித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த மாமியாரம்மாள், “தெனம் எழுதுறது என்னா பெரிய சங்கதி?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய், பழைய பிஸ்கட் தகர டின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கிழித்த தினக்காலண்டர்த் தாள்கள், ரப்பர் வளையம் போட்டுக் கட்டுக்கட்டாக. பின்பக்கத்தில், எழுத்துக்கூட்டி எழுதும் கைக்குரிய பெரிய பெரிய பென்சில் எழுத்துகள்: அன்றன்றைய பாலின் எடை, ஒட்டுப்பாலின் எடை, மழை, வெட்டு இல்லை, இலை உதிர்வு, பால் கம்மி, பெரியவளுக்குக் காய்ச்சல், மூன்றாவது லயத்தில் சாவு. “கிராணி கணக்கக் கொறச்சா காட்டணும்ல? அதுக்குத்தான் ஆரம்பிச்சேன். அப்புறம் விட முடியல.”

நம்மவர் தாள்களைப் புரட்டப் புரட்ட அவர் கண்கள் பிரகாசித்தன. ராஜேந்திரன் கிடக்கட்டும், இதுவே நாவல், முப்பது வருஷத் தோட்ட வாழ்வு, மூன்று பாகம் என்று எழுந்து நின்றே அறிவித்தார். அன்று சாயங்காலமே பட்டணத்திற்குப் போய்த் தடித்த அட்டை நோட்டு ஒன்று வாங்கிவந்து, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியிட்டு, பிரம்ம முகூர்த்தத்தில் தொடங்குவதாகச் சொல்லி மூடி வைத்தார்.

நான் விடைபெறும்போது மாமியாரம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அன்றைய தாளில் எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன்.

‘மழ இல்ல. மாப்ள நோட்டு வாங்குனாரு. எட்டு வெள்ளி.’