மரை கழன்றவர்

மதர்போர்டில் ஒரு ஸ்க்ரூ ஆடுகிறது என்று தெரிந்தும் கேபினெட்டை மூடிவிட்டு, "ஓடுதுல்ல, விடுங்க" என்கிறவரைப் பெங்களூரில் தேடி அலைய வேண்டியதில்லை. ஒயிட்ஃபீல்டில் ஏதாவது ஓர் அப்பார்ட்மென்ட்டில் காலிங் பெல்லை அழுத்தினால் போதும். இவரைச் சோம்பேறி என்பது அபாண்டம். சோம்பேறி கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்கே போகமாட்டான். இவரோ சனிக்கிழமை வெயிலில் டவுன்ஹால் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடி, கடை கடையாய் ஏறி இறங்கி, பேரம் பேசி வாங்கிவந்து தாமே பூட்டியவர். முழு அளவு போர்டில் வழக்கமாக 9 துளைகள், எட்டை முறுக்கிவிட்டார். ஒன்பதாவது சுற்றுகிறது, சுற்றுகிறது, இறுகவே இல்லை. குற்றவாளி இவருடைய சாஃப்ட்வேர் தொழில்தான் என்பது என் கட்சி. ஆபீஸில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் திரை சிவந்து கத்தும். ஸ்க்ரூ கத்தாது. கத்தாதது பிழையே அல்ல என்று பத்து வருடம் பழகிய கண் அது.

இத்தனைக்கும் விஷயம் எளியது. இரண்டு ஜாதி ஸ்க்ரூக்கள் உடன்பிறப்புகள் போல ஒரே பிளாஸ்டிக் பையில் கலந்து கிடக்கும். ஒன்றின் விட்டம் 3 மி.மீ., மற்றது சுமார் 3.5. பெரியதற்காக மரை வெட்டிய, போர்டைத் தாங்கும் பித்தளைக் காலில் சிறியதை விட்டால் பிடித்தும் பிடிக்காமலும் ஆடத்தான் செய்யும். 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' பி.எம்.டி.சி. பஸ் இருக்கைக்குச் செல்லும், மரைக்குச் செல்லாது. சில சமயம் ஸ்க்ரூவோடு அந்தப் பித்தளைக் காலே சேர்ந்து சுற்றும். அதற்குப் போர்டைக் கழற்றிக் குறட்டால் காலை இறுக்க வேண்டும். இந்த இடத்தில் நம்மவருக்கு அடுத்த வாரம் நினைவுக்கு வரும்.

"எட்டு தாங்காதா?" என்பார். தாங்கும், மறுப்பதற்கில்லை. கேள்வி, ஒன்பதாவது எங்கே போகும் என்பதுதான். கேபினெட் நிமிர்ந்து நிற்கிறது, ஃபேன் நாளெல்லாம் அதிர்கிறது. கழன்ற ஸ்க்ரூ கீழே எந்த இரண்டு முனைகளுக்கு நடுவே பாலம் போடும் என்று யார் கண்டது? அணைத்த பிறகும் பிளக் செருகியிருக்கும்வரை 5 வோல்ட் அங்கே விழித்திருக்கும். 1940 முதல் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை இருக்கிற ஊர் இது. விமான வேலையில் ஒரு ஸ்க்ரூ காணாமல் போனால் அதைத் தேடி எடுத்துவிட்டுத்தான் மறுவேலை. "அது பறக்கிறது சார், இது மேஜைக்கடியில் கிடக்கிறது" என்பது நியாயமான பதில்தான். உயிர் போகாது, போர்டின் விலைதான் போகும்.

விலை என்றதும் மனிதருக்குச் சுருக்கென்றது. யோசித்தார். ஸ்க்ரூவை மாற்றவில்லை, காலையும் இறுக்கவில்லை. கேபினெட்டையே பக்கவாட்டில் படுக்கப் போட்டுவிட்டார். இனிக் கழன்றாலும் விழ இடமில்லையாம். மடித்த துணி வைக்கவும் வசதியாக இருக்கிறதாம்.