வரிசையில் வாருங்கள்

மொழிகளைச் சமமாக நடத்துவதில் எண்பதுகளின் தூர்தர்ஷனை யாரும் குறை சொல்ல முடியாது. 1982 ஆகஸ்ட் 15 முதல் டில்லியிலிருந்து தேசிய ஒளிபரப்பு. செய்தி இந்தியிலும் ஆங்கிலத்திலும், தொடர்கள் இந்தியில். மற்ற மொழிகளை மறந்துவிட்டார்களா? அபாண்டம்! ஞாயிறு மதியம், ஊரே உண்டு உறங்கும் வேளையை அவற்றுக்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். வாரம் ஒரு மாநில மொழிப் படம், அதுவும் ஆங்கில அகரவரிசைப்படி. அசாமியில் புறப்பட்டு, வங்காளம், குஜராத்தி, கன்னடம் என ஒவ்வொரு மொழியாக இறங்கி ஏறி, தமிழின் 'டி' வருவதற்குள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரீட்சையே வந்துவிடும்.

இந்திக்கு மட்டும் இந்த வரிசைத் தொல்லை இல்லை. வாராவாரம் தனியே ஒரு படம் உண்டு. ரேஷன் கடையில் கடைக்காரரே வரிசையில் நிற்பாரா என்ன?

காத்திருந்து தமிழ் வந்தால், எம்.ஜி.ஆர். வரமாட்டார், விருதுப் படம்தான் வரும். கதாநாயகன் பேசாமல் நடந்துகொண்டே இருப்பான். எப்போதாவது வாய் திறந்தால், கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும்.

ஆனாலும் நாம் அதிகம் அலுத்துக்கொள்ளக் கூடாது. தெலுங்கும் உருதும் நமக்கும் பின்னால் அல்லவா நின்றன!