தோட்டாவ எண்ணுடா பேராண்டி

வாடா பேராண்டி, இப்பிடி உக்காரு. ஞாயித்துக்கெழமை போடிக்குப் போயி அந்தச் சண்டைப் படத்தப் பாத்துட்டு வந்ததுலருந்து, குரங்கணி டீக்கடை பெஞ்சுல நீ எடுக்குற வகுப்பக் கேட்டுக்கிட்டுத்தான் கெடக்கேன். ஹீரோ எதுக்குச் சண்டை போட்டாருன்னு கேட்டா ஒனக்கு ஞாபகம் இல்ல. கதாநாயகி பொழைச்சுச்சா செத்துச்சான்னு கேட்டா மோட்டு வளையப் பாக்குற. ஆனா வில்லனுக்குப் பின்னால மூணாவதா நின்ன மொட்டத்தலையன் கையில இருந்தது எந்த நாட்டுத் துப்பாக்கி, எந்த வருசத்து மாடல், எத்தன மில்லி குண்டுன்னு கேட்டா மளமளன்னு ஒப்பிக்கிற. சந்தோசம்டா. எட்டாம் வாய்ப்பாட்டுல இந்த வேகத்தக் காட்டியிருந்தா ஒங்க வாத்தியாரு ஆனந்தக் கண்ணீரு விட்டிருப்பாரு.

ஒரே ஒரு கொறைதான். நீ பேரச் சொல்ற, சரக்கப் பாக்க மாட்டேங்கிற. போடியில ஸ்பைசஸ் போர்டு ஏலக்காய் ஏலம் இப்ப கம்ப்யூட்டருல நடக்குது. இருந்தாலும் காய் வாங்க வர்ற யாவாரி என்ன பாக்குறான்? சாம்பிளத் தட்டுல கொட்டி, காய் எத்தன மில்லி, பச்ச என்ன பச்ச, லிட்டருக்கு எம்புட்டு எடை நிக்கிதுன்னு பாக்குறான். தோட்டத்துக்காரருக்குப் பெரிய பேருன்னு ஒரு ரூவா கூட்டிப் போடுறானா? துப்பாக்கிக்கும் அதான் கணக்கு. எத்தன தோட்டா கொள்ளும், என்ன எடை, எம்புட்டுச் சூடாகும்? இந்த மூணையும் கேளு. சினிமாத் துப்பாக்கி மூணுலயும் மாட்டிக்கிரும்.

எங்க காலத்துல இந்த மலையில கண்டதெல்லாம் நாட்டுத் துப்பாக்கி ஒண்ணுதான். குழல் வாயில கரிமருந்தக் கொட்டணும், தேங்கா நார அடைக்கணும், குச்சிய விட்டுக் கெட்டிக்கணும், ரவையப் போடணும், மறுக்காக் கெட்டிக்கணும், பின்னால கேப்பு வைக்கணும். அதுக்குள்ள காட்டுப்பன்னி கெழங்கப் பூராத் தின்னு ஏப்பமும் விட்டுட்டுப் போயிரும். ஒரு வெடிதான். பெறகு பொகை. பொகை கலைஞ்சாத்தான் வெடி போனது பன்னி பக்கமா, பக்கத்துத் தோட்டத்து வாழை பக்கமான்னு தெரியும். 1959-ஆம் வருசத்து ஆயுதச் சட்டத்துலயே, வெள்ளாமையக் காக்குறதுக்குன்னு இந்த வாய்வழி கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்சு குடுக்க எடம் வச்சிருக்கு. அதையும் எலெக்சன் வந்தா ஸ்டேசன்ல கொண்டுபோயி ஒப்படைக்கணும். பன்னிக்கு எலெக்சன் கெடையாதுங்கிறத அதிகாரிக யாரும் யோசிக்கல.

இப்பிடி ஒத்த வெடிக்கே வேர்த்து விறுவிறுத்தவன், 1972-ல ஜெய்சங்கர் நடிச்ச 'கங்கா' வந்த காலத்துக் குதிரைப் படங்களப் பாத்தா எப்பிடி இருக்கும்? தொப்பி, பூட்ஸு, இடுப்புல ரிவால்வரு. அமெரிக்காவுல மாடு மேய்க்கிறவன் வேசம்டா அது. இங்க நெசமாவே மாடு மேய்ச்ச நாங்க, கோவணத்தோட தரை டிக்கெட்டுல உக்காந்து பாத்தோம். அந்த ரிவால்வரு உருளையில ஆறு ஓட்டை, ஆறு தோட்டா. நான் வெரல் விட்டு எண்ணுவேன். ஆறு போச்சு, ஏழு, எட்டு. பதினொண்ணாவது குண்டுக்கு, எங்கூட வந்த சோட்டாளி காதுல சொன்னான்: "மாமா, எண்ணாதீக. அது அட்சய பாத்திரம்."

ரிவால்வரையும் பிஸ்டலையும் பிரிக்கத் தெரியுமா ஒனக்கு? பேரச் சொல்லாம சொல்லு பாப்போம். சுட்ட பெறகு தோட்டாக் கூடு உருளைக்குள்ளயே கெடந்தா ரிவால்வரு. சுடச் சுடக் கூடு வெளிய தெறிச்சு விழுந்தா பிஸ்டலு. இதுல ரிவால்வரு முனையில சைலன்சரத் திருகிட்டு 'புஸ்'ஸுன்னு சுடுவாக பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு முட்டிரும். உருளைக்கும் குழலுக்கும் நடுவுல சந்து இருக்குடா. சத்தம் அந்தச் சந்து வழியா வந்துரும். முன்வாசலப் பூட்டிட்டுக் கொல்லவாசலத் தெறந்து போட்ட கதைதான். அந்தச் சந்த அடைக்கிற ரிவால்வரு, ரஷ்யாக்காரன் பட்டாளத்துல வச்சிருந்த 1895 மாடல் நகான் மாதிரி ஒண்ணு ரெண்டுதான் உண்டு.

அப்பறம் நீ உருகுற அந்த ஆஸ்திரியா நாட்டு க்ளாக். 17 தோட்டா கொள்ளும்னு நீயே சொன்ன. சரி. ஹீரோ அத வில்லன் நெத்தியில வச்சதும் 'கிளிக்'குன்னு குதிரைய இழுக்குற சத்தம் கேக்குது. ஏண்டா, க்ளாக்குக்கு வெளிய குதிரையே கெடையாதே! இல்லாத குதிரை எப்பிடிடா கனைக்கும்? அது சவுண்டு ரூமுல கட்டிப் போட்ட குதிரை.

ஏகே-47-க்கு வருவோம். வளைஞ்ச மேகசின், அதுல 30 தோட்டா. விடாம அமுக்குனா நிமிசத்துக்கு 600 போற வேகம். செகண்டுக்குப் பத்து. அப்ப மேகசின் எம்புட்டு நேரத்துல காலி? மூணே செகண்டு. நம்மாளு மாடிப்படியில எறங்குறாரு, சுடுறாரு, செத்துப்போன தங்கச்சிய நெனைக்கிறாரு, சுடுறாரு, கண்ணாடிய மாட்டுறாரு, அப்பவும் சுடுறாரு. மூணு செகண்டுல நான் ஒரு வெத்தலைக்குச் சுண்ணாம்பு கூடத் தடவி முடிக்க மாட்டேன்.

நம்ம திருச்சியில 1966-லருந்து துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கு. அங்க செஞ்ச இன்சாஸ் துப்பாக்கியப் பாத்திருக்கியா? வெரல ஒருக்கா அமுக்குனா மூணு குண்டு போற மாதிரி வச்சிருக்காக. மேகசின் வேற, கண்ணாடிப் பாட்டில் மாதிரி. உள்ள கெடக்குற இருபது தோட்டாவும் வெளிய தெரியும். எத்தன போச்சு, எத்தன மிச்சம்னு பாக்குறவன் எண்ணிப்புடலாம். நம்ம ஹீரோக்க ஏன் அதச் சீந்துறதில்லன்னு இப்பப் புரியுதா?

கேஜிஎஃப் ரெண்டாம் பாகத்துக்கு (2022) மட்டும் ஒரு சபாஷ் வச்சிருக்கேன். அதுல யஷ் ஒரு பெரிய துப்பாக்கிய வச்சு போலீஸ் ஸ்டேசனச் சல்லடையா ஆக்குவாரே, கன்னடத்துல 'தொட்டம்மா'ன்னு பேரு. நம்ம வாயில பெரியம்மா. அது ப்ரௌனிங் எம்1919. குழலுக்கு மேல வரிசையா ஓட்டை போட்ட சட்டை மாட்டியிருக்கும், காத்துப் பட்டு ஆறுறதுக்கு. அத வச்சே நீ அடையாளம் சொல்லலாம். மேகசின் கெடையாது, தோட்டாவச் சரமாக் கோத்து ஊட்டணும். நமக்கு ஏலச் சரம், அவுகளுக்குத் தோட்டாச் சரம். நிமிசத்துக்கு 400-லருந்து 600 வரைக்கும் துப்பும். சுட்டு முடிச்சுட்டு, செவந்துபோன குழல்ல சிகரெட்டப் பத்தவப்பாரு. எல்லாரும் விசிலடிச்சாக, நானும் அடிச்சேன். எதுக்குத் தெரியுமா? சுட்டா துப்பாக்கி சூடாகும்னு ஒரு டைரக்டராச்சும் ஒத்துக்கிட்டாரேன்னுதான். மத்த படத்துலயெல்லாம் ஆயிரம் குண்டு சுட்டுட்டு அதே குழலத் தோள்ல சாச்சுக்கிட்டு நடந்து வர்றாக. தோலு பொசுங்குற வாடை தியேட்டரு வரைக்கும் அடிச்சிருக்கணும்.

இருக்குறதுலயே பெரிய கூத்து அந்தச் சுத்துற துப்பாக்கி. மினிகன்னு நீ சொல்லுவ. 2019-ல 'கைதி' கடைசியில கார்த்தி வச்சுச் சுழட்டுவாரே, அந்த வகையறா. ஹாலிவுட்டுல 1987-ல 'பிரிடேட்டர்' படத்துல ஒரு தடியன் கையில தூக்கிக்கிட்டு வந்தான். அன்னைக்குப் புடிச்ச சனி இன்னும் விடல. ஆறு குழலு. துப்பாக்கி மட்டுமே 39 கிலோ வரைக்கும் நிக்கும். நெசத்துல ஹெலிகாப்டருல மாட்டுறது. அதுக்கு மேல ஒரு விசேசம், அது கரண்டுல ஓடுறது! பிரிடேட்டருல வயர நடிகனோட கால்சட்டைக்குள்ள விட்டு மறைச்சாக. குரங்கணியில வச்சுச் சண்டை போட்டா, மழை வந்து கரண்டு போனதும் ஹீரோவும் வில்லனும் திண்ணையில உக்காந்து லைன்மேனுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

எடைக் கணக்கையும் போட்டுரு. நிமிசத்துக்கு 3,000 குண்டுன்னு வையி. தோட்டா ஒண்ணு 25 கிராம். ஒரு நிமிசச் சண்டைக்கு 75 கிலோ தோட்டா! ஒண்ணரை மூட்டை ஏலக்காயடா. டாப் ஸ்டேசன் பாதையில சொம தூக்குன சனங்ககிட்டக் கேளு, 50 கிலோவத் தலையில வச்சு ஏறுறவன் வசனம் பேசுவானான்னு. மூச்சு விடவே வழியிருக்காது. ஹீரோ மூச்சும் விடுறாரு, வசனமும் விடுறாரு.

அம்புட்டு லேசா எப்பிடித் தூக்குறாகங்கிற ரகசியம் எனக்குத் தெரியும். 'மைனா' (2010) இங்கதான எடுத்தாக? அதுக்குப் பெறகு கேமராவத் தூக்கிக்கிட்டு வராத ஆளு இல்ல. அப்பிடி வந்த ஒரு படத்துக்கு, மீசை நல்லாருக்குன்னு என்னையும் வில்லன் கூட்டத்துல நிப்பாட்டுனாக. கையில ஒரு பெரிய துப்பாக்கியக் குடுத்தாக. வெயிலு தாங்காம, கம்பூன்ற மாதிரி அத ஊன்றிக்கிட்டு நின்னேன். குழலு கத்தாழை மாதிரி வளைஞ்சு போச்சு. ரப்பருடா! கிட்டத்துல காட்டுற ஹீரோவுக்கு மட்டும் இரும்பு டம்மி, கூட்டத்துல ஓடுறவனுக்கெல்லாம் ரப்பரு. நெருப்புப் பொறியெல்லாம் பெறகு கம்ப்யூட்டருல ஏத்திக்கிறதாம். இனிமே ஓடுறவன் துப்பாக்கிக் குழலப் பாரு. நாய் வாலு மாதிரி ஆடுச்சுன்னா, அதுக்கு நீ சொல்ற மாடல் நம்பரு செல்லாது.

ரப்பருன்னு சிரிச்சாலும் அதுல ஒரு நல்லது இருக்கு, பேராண்டி. வெத்துத் தோட்டாவுலயும் மருந்து நெசமானது. 1993-ல ப்ரூஸ் லீ மகன் பிராண்டன் லீ படப்பிடிப்புலயே செத்தான். முன்னாடியே குழலுக்குள்ள சிக்கிக் கெடந்த குண்டு முனைய யாரும் பாக்கல. பெறகு வெத்துத் தோட்டா வெடிச்ச வேகம் அதத் தள்ளிவிட்டிருச்சு. 2021-ல அமெரிக்காவுல 'ரஸ்ட்' படத்துல நெசத் தோட்டாவே உள்ள இருந்திருக்கு. ஹலினா ஹட்சின்ஸுங்கிற கேமராக்காரப் பொண்ணு போயிருச்சு. ரெண்டு எடத்துலயும் துப்பாக்கி பேரு எல்லாருக்கும் தெரியும். உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தரும் ஒழுங்காப் பாக்கல.

நம்ம ஊருக் கதையும் ஒண்ணு இருக்கு. படத்துல எம்.ஜி.ஆரு மேல எத்தன குண்டு பாஞ்சிருக்கும்? ஒண்ணும் தொட்டதில்ல. 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டத்து வீட்டுல எம்.ஆர்.ராதா சுட்டது கழுத்துல எறங்குச்சு. கட்டுப் போட்ட போஸ்டரோட எம்.ஜி.ஆரு பரங்கிமலை எலெக்சன்ல ஜெயிச்சாரு, ஆனா பழைய கொரலு திரும்பல. ராதாவுக்குச் செங்கல்பட்டு கோர்ட்டு ஏழு வருசம் போட்டுச்சு. இந்த மாதிரி வழக்குலதான் துப்பாக்கிய நெசமா அடையாளம் காண்பாக. குழலுக்குள்ள இருக்குற வரிப்பள்ளம் குண்டு மேல கீறல் போடும். அந்தக் கீறல மைக்ரோஸ்கோப்புல வச்சுப் பொருத்திப் பாத்து, இந்தக் குண்டு இந்தத் துப்பாக்கியிலருந்துதான்னு சொல்லுவாக. பொம்மைத் துப்பாக்கிக்குப் பேருதான் உண்டு, கீறல் கெடையாது.

அதனால பேரு சொல்லு, வேண்டாங்கல. டீக்கடையில நாலு பேரு வாயப் பொளந்து கேக்குறான், எனக்கும் பெருமைதான். ஆனா அடுத்த படத்துக்குப் போகையில கைய மடக்கி வச்சுக்க. முதக் குண்டுலருந்து எண்ணு. ரிவால்வருன்னா ஆறு, ஏகேன்னா முப்பது. கணக்குத் தாண்டிருச்சுன்னா சத்தமில்லாம எந்திரிச்சு வெளிய வந்து, ஒரு டீயக் குடிச்சு, ஒரு வடையத் தின்னு, ஆற அமர உள்ள போ. ஒண்ணையும் தவற விட்டிருக்க மாட்ட. அதே மேகசின்ல ஹீரோ அப்பவும் சுட்டுக்கிட்டுத்தான் நிப்பாரு.