கேலிக்கும் காலாவதி உண்டா?

கேள்வி: நிறத்தையும் உருவத்தையும் கிண்டல் செய்த பழைய நகைச்சுவைக் காட்சிகளை இன்று எடுக்க முடியுமா?

பதில்: எடுக்கத் தடையில்லை, சிரிக்கத்தான் ஆள் குறையும். ஒருவர் தாமாகத் தேர்ந்துகொள்ளாத உடலமைப்பையும் நிறத்தையும் நகைப்புக்கு உள்ளாக்குவதே உருவக்கேலி எனப்படுகிறது. 2007-இல் வெளிவந்த ‘சிவாஜி’யில், பாரி மகளிருக்கு மரபு வழங்கும் அங்கவை, சங்கவை என்னும் பெயர்களைத் தாங்கிய இரு பெண்கள், கறுப்பாக இருப்பதே வேடிக்கை என்ற ஒரே காரணத்துக்காகத் திரையில் தோன்றுகிறார்கள், அதே படத்தில் வெளுக்கப் பாடுபடும் நாயகனுக்கு ஒரு பாட்டே கிடைக்க, அவர்களுக்கோ அரங்கின் சிரிப்பு மட்டுமே மிஞ்சுகிறது.

மாறாக, 1989-இன் ‘கரகாட்டக்காரன்’ படத்தில், இரண்டு வாழைப்பழத்துக்குக் காசு கொடுத்த கவுண்டமணி இன்னொன்று எங்கே என்று கேட்க, செந்தில் கையிலிருக்கும் ஒற்றைப் பழத்தையே காட்டும்போது, சிரிப்பு பிறப்பது தர்க்கத்தின் குறும்பிலிருந்துதான். அடியும் வசவும் அதற்குத் தொடுகறி மட்டுமே என்பதால் அக்காட்சி இன்றும் ஊசிப்போகவில்லை.

ஆகவே, ‘இப்போதெல்லாம் எதையும் எழுத முடிவதில்லை’ எனப் புலம்பும் வசனகர்த்தாவின் உண்மையான குறை தணிக்கை வாரியமன்று. இனிமேல் யோசித்து எழுத வேண்டியிருக்கிறதே என்பதுதான்.