பத்து கிலோ பிரேக், இரண்டு கிலோ நரம்பு

பொய் ஈயைக் கட்டி மீன் பிடிக்கும் ஈத்தூண்டில்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. பிடிக்கிற மீன் சாண் நீளம், மிஞ்சினால் முழம். வாங்குகிற ரீல் மட்டும் சுறாவுக்கானது.

நான் வேலை பார்க்கும் டென்வரிலிருந்து ஒரு மணி நேரம் காரோட்டினால், டெக்கர்ஸ் பக்கம் சவுத் பிளாட் ஆறு. அங்கே டிரவுட் மீன் பிடிக்க என்று சொல்லித்தான் கடையில் ரீல் கேட்டேன். கடைக்காரர், கல்யாணத்துக்கு நெக்லஸ் எடுத்துக் காட்டுகிற பக்குவத்தோடு ஒன்றை வெல்வெட் துணியில் வைத்தார். “சீல்டு டிஸ்க் டிராக். பத்து கிலோ வரை இழுத்துப் பிடிக்கும்.”

“பத்து கிலோ மீன் அந்த ஆற்றில் இருக்கிறதா?”

“இருந்தால்?” என்றார். அதற்குத்தான் 600 டாலர்.

டிராக் என்பது பிரேக்; டிஸ்க் என்றால் அதிலுள்ள வட்டு. மீன் ஓடும்போது லைன் எனும் நூலைச் சும்மா விட்டுவிடாமல், அறுபடவும் விடாமல் பிடித்துப் பிடித்து விடுவது பிரேக்கின் வேலை. மீன் சிக்குகிற முனையில் இருப்பது டிப்பெட் எனும் மெல்லிய தங்கூசி. டிரவுட்டுக்குப் பலரும் கட்டும் 5எக்ஸ் அளவு நரம்பு ஏறக்குறைய இரண்டு கிலோவில் அறுந்துவிடும். அதில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் டிராக் வைக்கலாம் என்பது வழக்கம். ஆக, வேலை பார்ப்பது அரை கிலோ. மிச்ச ஒன்பதரை கிலோவுக்குக் காசு கொடுத்தது கொடுத்ததுதான். அதிலும், சின்ன டிரவுட்டை யாரும் ரீலில் சுற்றி இழுப்பதில்லை. கையாலேயே லைனை இழுத்துக் காலடியில் போட்டுக்கொள்வார்கள். ரீல் வேடிக்கை பார்க்கும்.

இங்கிலாந்தின் ஆல்னிக் ஊரில் ஹார்டி சகோதரர்கள் 1891-இல் கொண்டுவந்த ரீலுக்கு ‘பெர்ஃபெக்ட்’ என்றே பெயர் வைத்தார்கள். தன்னடக்கம் அந்தக் காலத்திலும் இந்தத் தொழிலில் இருந்ததில்லை. பழைய ரீல்களின் வழி எளிது: ஒரு பல்சக்கரம், அதன்மேல் வில் அழுத்தும் சின்ன நாக்கு. கிர்ர்ர் என்று சத்தம் போட்டுக்கொண்டே, நூல் தறிகெட்டு அவிழ்ந்து சிக்காமல் பார்த்துக்கொள்ளும். விளிம்பு வெளியே தெரிகிற ரீலில் கூடுதல் பிரேக் வேண்டுமானால் உள்ளங்கையை வைத்து அழுத்தலாம். அக்கரையில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பதும் அந்தக் கிர்ர்ர் சத்தத்துக்குத்தான். சத்தமில்லாமல் சுழலக்கூடிய டிஸ்க் ரீல்களிலும் ‘கிளிக்’ ஒலிக்கென்றே தனியாக ஒரு துண்டைப் பொருத்துகிறார்கள்.

பஹாமாஸ் கடலோரத்தில் போன்ஃபிஷ் பிடிப்பவருக்கு நல்ல டிராக் கட்டாயம் வேண்டும். அந்த மீன் ஒரே ஓட்டத்தில் நூறு மீட்டர் போகும். அங்கேயும் எத்தனை கிலோ தாங்கும் என்பதைவிட, எவ்வளவு சீராகத் தொடங்கும் என்பதே முக்கியம். நின்றிருக்கும் வட்டு நகர மறுத்து ஒரு வெட்டு வெட்டினால், நரம்பு அங்கேயே போயிற்று. கடையிலேயே நூலை மெல்ல இழுத்துப் பாருங்கள். திக்கித் திக்கி வந்தால் கீழே வைத்துவிடுங்கள். இன்னொன்று: நூல் வெளியே போகப் போக உள்ளே இருக்கும் சுற்று சிறுத்துவிடும். விட்டம் பாதியானால், டிராக் திருகைத் தொடாமலே இழுவை இரட்டிப்பாகும். நடுத்தண்டு பருமனான ‘லார்ஜ் ஆர்பர்’ ரீல்களில் இந்தத் தொல்லை குறைவு.

இதையெல்லாம் அம்மாவுக்குத் தொலைபேசியில் விளக்கினேன். “பிடிச்ச மீனைத் திரும்பத் தண்ணியிலேயே விட்டுட்டு வர்றதுக்காடா அம்பதாயிரம்?” என்றாள். அந்தக் கேள்வியை நிறுத்துகிற டிராக் இன்னும் சந்தைக்கு வரவில்லை.

டிரவுட்டுக்குப் போகிறவர்கள் சாதாரணக் கிளிக் ரீலே வாங்குங்கள். மிச்சக் காசை லைனில் போடுங்கள். எடையே இல்லாத அந்தப் பொய் ஈயைத் தண்ணீர்வரை கொண்டுசேர்ப்பது லைனின் கனம்தான்.